முடிச்சை அவிழ்த்துட்டுப் போங்க!

இந்த வாரம் கேன்டீன் கதை இல்லை. அரியர் கதை இல்லை. கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின்ல ஜன்னல் சீட்டுக்கு நடக்கிற உலகப்போர் கதையும் இல்லை. இந்த வாரம் ஒரு குதிரைக் கதை. 'ரேஸ் குதிரையா?'ன்னு உடனே கண்ணு விரியாதீங்க. இது வீட்டுக் கூரை மேல ஏறி நின்ன குதிரை!

2024 மே மாசம். பிரேசில் நாட்டுல ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்துல பயங்கர வெள்ளம். கனோவாஸ்னு ஒரு ஊரு. சுத்திலும் தண்ணி. நடுவுல ஒரு வீட்டுக் கூரை. அந்தக் கூரையோட உச்சியில, ஒரு அடி தப்பா வெச்சாலும் தண்ணியிலதான் விழணும்கிற இடத்துல, ஒரு குதிரை நாலு நாளா அசையாம நின்னுட்டு இருந்துச்சு. ஹெலிகாப்டர்ல போன டி.வி. கேமரா அதைப் பிடிச்சுக் காட்ட, ஒரு நாடே சாப்பாட்டை மறந்து பார்த்துட்டு இருந்துச்சு. மே 9-ம் தேதி தீயணைப்பு வீரர்களும் கால்நடை டாக்டர்களும் ரப்பர் படகுல போனாங்க. மயக்க ஊசி போட்டாங்க. படகுல படுக்க வெச்சுக் கரைக்குக் கொண்டு வந்தாங்க. ஜனங்க அதுக்கு வெச்ச பேரு 'காரமேலோ'. கலர் அப்படி!

இந்த வீடியோவை ஹாஸ்டல்ல எல்லாரும் பார்த்து 'ச்சோ ஸ்வீட்'னு சொன்னாங்க. நான் மட்டும் எழுந்து வெளியே போயிட்டேன். ஏன்னு இதுவரைக்கும் ரூம்மேட்டுக்குக்கூடச் சொல்லலை. இப்போ உங்க எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிடறேன்.

மழை ஊர்வலம்

எங்க ஊரு கும்மிடிப்பூண்டி பக்கம். சிப்காட் புகைக்குழாய் ஒரு பக்கம், நெல்லு வயலு ஒரு பக்கம்னு ரெண்டும் கெட்டான் கிராமம். அப்பாவுக்கு ஷிஃப்ட் வேலை. ஆயாவுக்கு மாடு. எனக்கு ரெண்டு பேரும் போடற திட்டு.

எங்க தெருக் கடைசியில ஒரு குதிரைத் தாத்தா இருக்கார். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடறவர். வெள்ளைக் குதிரை, பேரு ராணி. மாப்பிள்ளைங்களோட ஆயுசுல அவங்களை முதன்முதல்ல நடுங்க வெச்ச பொம்பளை இந்த ராணிதான்னு ஊர்ல ஒரு ஜோக் உண்டு.

2023 டிசம்பர் 3, ஞாயித்துக்கிழமை சாயங்காலம். மிக்ஜாம் புயல் வருதுன்னு டி.வி.யில ஸ்க்ரோலிங் ஓடிட்டு இருக்கு. நான் அப்போ ப்ளஸ் டூ. திங்கட்கிழமை லீவு விட்டாச்சுங்கிற சந்தோஷத்துல வாசல்ல நின்னு மழையை வேடிக்கை பார்த்துட்டு இருக்கேன். தாத்தா ராணியைப் பிடிச்சுக்கிட்டு நனைஞ்சபடி வர்றார். முதுகுல தார்ப்பாய் சுத்தின ஒரு மூட்டை.

"இன்னா தாத்தா... மழையில யாருக்குக் கல்யாணம்?"னு கலாய்ச்சேன்.

"மழைக்கே கல்யாணம்தான் பாப்பா. ஏரி ரொம்பிட்டா நம்ம தெருதான் மொதல்ல. ஜி.என்.டி. ரோட்டு மேட்டுல தெரிஞ்சவங்க செட்டு இருக்குது. அங்க கட்டிடறேன்."

"தண்ணி வந்தப்புறம் போலாம்ல?"

"தண்ணி வர்றதுக்கு முன்னாடி அது நான் சொல்றதைக் கேக்கும். தண்ணி வந்தப்புறம் தண்ணி சொல்றதைத்தான் கேக்கும்."

நான் சிரிச்சேன். சத்தியமா சிரிச்சேன் பாஸ்.

ராத்திரி ரெண்டு மணி

ஏரி கலங்கல் வழியா தண்ணி தெருவுக்கு வந்தப்போ ராத்திரி ரெண்டு மணி இருக்கும். கரன்ட் இல்லை. முதல்ல பாய் நனைஞ்சுது. அடுத்த அரை மணியில முழங்கால். எல்லாரும் ஸ்கூல் மாடிக்குப் போகணும்னு ஊரே கத்துது. ஆயா மட்டும் 'லட்சுமியை வுட்டுட்டு நான் வரலை'ன்னு தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. லட்சுமி எங்க மாடு. அப்பா ஆயாவைத் தோள்ல தூக்கிக்கிட்டு என்னைப் பார்த்து, "நீ போய் மாட்டை அவுத்து வுட்டுட்டு ஓடி வா"ன்னார்.

போனேன். பல்லுல டார்ச்சைக் கடிச்சுக்கிட்டு முடிச்சைத் தேடினேன். ஆயா போடற முடிச்சு, ரெண்டு மூணு சுத்து சுத்தி இறுக்கினது. தண்ணியில ஊறிப்போய்க் கல்லு மாதிரி ஆகியிருந்துச்சு. லட்சுமி வேற கயித்தை இழுத்துட்டு நிக்கிறதால இன்னும் இறுகுது. நகம் பிஞ்சதுதான் மிச்சம். கத்தி இல்லை. அரிவாள் எங்கேயோ தண்ணிக்குள்ளே. இடுப்பு வரைக்கும் தண்ணி வந்துடுச்சு. அப்பா கத்தறார். நான் ஓடி வந்துட்டேன்.

"அவுத்துட்டியா?"ன்னு கேட்டார்.

"ம்"னு சொன்னேன்.

அவ்வளவுதான் பாஸ். அந்த ஒரு எழுத்துதான் இந்தக் கட்டுரை.

தண்ணி வடிஞ்சப்புறம் போய்ப் பார்த்தப்போ லட்சுமி கட்டுத்தறியிலேயே கிடந்துச்சு, கழுத்துல கயிறோட. ஆயா கயித்தைப் பார்த்துச்சு. என்னைப் பார்த்துச்சு. ஒண்ணுமே கேக்கலை. ராணி? ஜி.என்.டி. ரோட்டு மேட்டுல கொள்ளு தின்னுட்டு ஜம்முனு நின்னுட்டு இருந்தா.

தாத்தாவோட சிலபஸ்

அதுக்கப்புறம் நான் தாத்தாகிட்ட ட்யூஷன் சேர்ந்துட்டேன். அவர் சொன்னதையும், கால்நடை டாக்டர்கள் உலகம் முழுக்கச் சொல்றதையும் ஒண்ணா வெச்சுப் பார்த்தா பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டுல குதிரை இல்லாதவங்களும் படிங்க. மாடு, ஆடு, நாய் எல்லாத்துக்கும் பாதிக்கு மேல பொருந்தும்.

முடிச்சு: கயித்தோட நுனியைப் பிடிச்சு ஒரே இழுப்பு இழுத்தா அவிழணும். விலங்கு இழுத்தா அவிழக் கூடாது, மனுஷன் இழுத்தா அவிழணும். ஷூ லேஸ்ல போடறோமே 'பூ' முடிச்சு, கிட்டத்தட்ட அந்த ஐடியாதான். கட்டுத்தறி பக்கத்துல எப்பவும் ஒரு கத்தி தொங்கணும்.

முகக்கயிறு: வெள்ளத்துல அவிழ்த்து விடற குதிரை முகத்துல நைலான் கயிறு வேண்டாம். கம்பியிலயோ கிளையிலயோ மாட்டினா அறுந்து தொலையாது. தோல்வாரா இருந்தா அறுந்து உயிரைக் காப்பாத்தும்.

அட்ரஸ்: வெள்ளத்துல தப்பிச்ச குதிரை நாலு ஊரு தள்ளிப் போய் நிக்கும். 'இது என்னுது'ன்னு எப்படிச் சொல்வீங்க? உடம்புல சாயத்தால பெருசா போன் நம்பர் எழுதி விடறது பல நாட்டுல பழக்கம். மைக்ரோசிப் வெக்கிறதும் உண்டு. நம்ம ஊர் மாட்டுக்குக் காதுல 12 இலக்க நம்பரோட மஞ்சள் டேக் போடறாங்களே, அதை போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்கலாம். கூடவே உங்களோட சேர்த்து மாட்டையும் குதிரையையும் ஒரு போட்டோ. செல்ஃபியால ஒரு பிரயோஜனம்!

ரிகர்சல்: மழை ராத்திரியில முதல் தடவையா மினி லாரியில ஏறுன்னா குதிரை ஏறாது. வெயில் காலத்துலயே பத்து தடவை ஏத்தி இறக்கிப் பழக்கணும். நமக்கு செமஸ்டருக்கு முன்னாடி மாடல் எக்ஸாம் வெக்கிற மாதிரி.

தண்ணியும் தீனியும்: ஒரு குதிரை ஒரு நாளைக்குச் சாதாரணமா 25 லிட்டர் தண்ணியாவது குடிக்கும். பெருசா இருந்தா, வெயில் அடிச்சா இன்னும் அதிகம். வெள்ளத் தண்ணியைக் குடிக்க விடக் கூடாது. அதனால டிரம்ல நல்ல தண்ணி பிடிச்சு மேட்டுல வெக்கணும். நனைஞ்சு பூசணம் பிடிச்ச தீனி குதிரைக்கு விஷம். காரணம், குதிரையால வாந்தி எடுக்கவே முடியாது. உள்ளே போன கெட்டது வெளியே வராது, வயித்துவலியில உருண்டே செத்துப்போகும். தாத்தா மூட்டையில தார்ப்பாய் சுத்தினதோட ரகசியம் இதான்.

ஊசி: டெட்டனஸ் கிருமிக்குக் குதிரைன்னா ரொம்ப இஷ்டம். வெள்ளத்துக்கு அடியில கிடக்கிற ஆணி, தகரம் ஒண்ணு குத்தினா போதும். அதனால மழைக்காலத்துக்கு முன்னாடியே தடுப்பூசி. மாட்டுக்குத் தொண்டை அடைப்பான், சப்பை நோய் தடுப்பூசி. வெள்ளம் வடிஞ்சப்புறம் எலிக்காய்ச்சல் பயம் விலங்குக்கும் உண்டு, நமக்கும் உண்டு.

எந்த ஆபத்துக்கு எந்த முடிவு: வெள்ளம்னா கொட்டகைக்குள்ளே பூட்டி வெக்கக் கூடாது. மேட்டுக்குக் கொண்டு போகணும், முடியலைன்னா அவிழ்த்து விட்டுக் கதவைத் திறந்து விடணும். குதிரைக்கு நீந்தத் தெரியும், ஆனா களைச்சுடும். புயல்னா ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழேயோ மரத்தடியிலேயோ கட்டக் கூடாது. 2016 வர்தா புயல்ல மரங்கள் எப்படிச் சாய்ஞ்சுதுன்னு பார்த்தவங்களுக்கு இதை விளக்க வேண்டாம். தீன்னா வெளியே கொண்டு வந்ததும் கதவைச் சாத்திடணும். பயந்த குதிரை பழகின இடம்னு எரியற கொட்டகைக்குள்ளேயே திரும்ப ஓடும்.

நம்ம டிபார்ட்மென்ட் மேட்டர்

டிரிபிள் ஈ ஸ்டூடன்ட்டா இதைச் சொல்லலைன்னா என் ஹெச்.ஓ.டி. கோச்சுக்குவார். மின்கம்பி அறுந்து தண்ணியிலயோ ஈர மண்ணுலயோ விழுந்தா, கம்பியிலிருந்து தள்ளித் தள்ளிப் போகப்போக மண்ணுல வோல்டேஜ் குறைஞ்சுக்கிட்டே போகும். ஒரு கால் ஒரு இடத்துலயும் இன்னொரு கால் தள்ளியும் இருந்தா ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வோல்டேஜ் வித்தியாசம் உடம்பு வழியாப் பாயும். இதுதான் ஸ்டெப் பொட்டன்ஷியல். ரெண்டு மார்க் கேள்வி.

மனுஷனுக்கு ரெண்டு காலும் பக்கத்துல. கரன்ட் ஒரு கால்ல ஏறி இன்னொரு கால்ல இறங்கும். மாட்டுக்கும் குதிரைக்கும் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவுல தூரம் ரொம்ப ஜாஸ்தி, அதனால வோல்டேஜும் ஜாஸ்தி. அதைவிட மோசம், அந்தப் பாதை நேரா இதயம் வழியாப் போகுது. கம்பியைத் தொடாமலே மாடு விழுந்து சாகறது இதனாலதான். அதனால மழை எச்சரிக்கை வந்ததும் மோட்டார் ஷெட் மெயினை ஆஃப் பண்ணுங்க. மின்கம்பம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல எதையும் கட்டாதீங்க. விழுந்து கிடக்கிற மாட்டைத் தூக்க ஓடறதுக்கு முன்னாடி மேலே பாருங்க, கீழே பாருங்க.

கோடியக்கரையும் மார்ரமும்

'அவிழ்த்து விட்டா மட்டும் பொழைச்சுடுமா?'ன்னு கேக்கறீங்களா? நியாயமான கேள்வி. கோடியக்கரை சரணாலயத்துல யாருமே கட்டாத, யாருக்கும் சொந்தமில்லாத குதிரைங்க மான்களோட மேய்ஞ்சு திரியும். 2018 நவம்பர் 16 அதிகாலையில கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. அப்புறம் காட்டுல செத்துக் கிடந்ததுல மான்களும் இருந்துச்சு, குதிரைகளும் இருந்துச்சு. கயிறு இல்லைதான். ஆனா ஏறி நிக்க மேடும் இல்லையே!

நெதர்லாந்துல மார்ரம்னு ஒரு ஊரு. 2006 அக்டோபர் 31-ம் தேதி புயல்ல கடல் தண்ணி மேய்ச்சல் நிலத்துக்குள்ளே புகுந்து நூத்துக்கு மேல குதிரைங்க ஒரு சின்ன மேட்டுல மாட்டிக்கிச்சு. கிட்டத்தட்ட இருபது குதிரைங்க செத்துப்போச்சு. படகால முடியலை. ஆட்களால முடியலை. மூணாவது நாள் நாலு பெண்கள் தங்களோட குதிரையில ஏறித் தண்ணியில இறங்கினாங்க. ஆழம் கம்மியான பாதையை முன்கூட்டியே பார்த்து அடையாளம் பண்ணியிருந்தாங்க. மேட்டுக்குப் போய்த் திரும்பி நடந்தாங்க. அவ்வளவுதான்... மொத்தக் கூட்டமும் பின்னாலேயே வரிசையா நடந்து வந்துச்சு. முன்னால ஒரு குதிரை நம்பிக்கையோட போனா மத்தது பின்னால வரும். இது எந்த மெஷினும் பண்ணாத வேலை.

நம்ம நாட்டுலயே 2013 ஜூன் உத்தரகாண்ட் வெள்ளம். கோவிந்த்காட்ல அலக்நந்தா மேல இருந்த பாலம் அடிச்சுட்டுப் போச்சு. ஹேம்குண்ட் பாதையில யாத்திரைக்காரங்களைச் சுமந்த குதிரைகளும் கோவேறு கழுதைகளும் நூத்துக்கணக்குல அக்கரையில மாட்டிக்கிச்சு. மனுஷங்களை ஹெலிகாப்டர் தூக்கிட்டு வந்துச்சு. சுமந்தது அங்கேயே நின்னுச்சு. அப்புறம்தான் தீனி அனுப்பறதும், தற்காலிகப் பாலம் போட்டு இந்தப் பக்கம் கொண்டு வர்றதும் நடந்துச்சு.

தூணைப் பிடிச்ச ஆயாக்கள்

'மனுஷ உயிரே போகுது, மாடு குதிரைன்னு பேசறியே'ன்னு ஒரு சீனியர் கேட்டார். பாஸ், இது மனுஷ உயிர் மேட்டரும்தான். 2005 கத்ரீனா புயல்ல அமெரிக்காவுல நிறைய பேர் வளர்ப்புப் பிராணியை விட்டுட்டு வர மாட்டேன்னு வீட்டுலயே இருந்தாங்க. மீட்புப் படகுல பிராணிக்கு இடமில்லைன்னு சொன்னதுதான் காரணம். அதுக்கப்புறம் 2006-ல பேரிடர் திட்டத்துல வீட்டுப் பிராணிகளையும் சேர்க்கணும்னு சட்டமே போட்டாங்க. அதுலயும் ஒரு கூத்து, அந்த 'வீட்டுப் பிராணி' லிஸ்ட்ல குதிரை கிடையாது!

நம்ம ஊர்ல தூணைப் பிடிச்சுட்டு நிக்கிற ஒவ்வொரு ஆயாவும் அந்தக் கேஸ்தான். மாட்டுக்கு ஒரு இடம் காட்டினா ஆயா தானா வரும்.

பணம் கொடுக்கறாங்க. இல்லைன்னு சொல்லலை. மத்திய அரசோட பேரிடர் நிவாரண விதிகள்படி 2022-23-லேர்ந்து 2025-26 வரைக்கும் பசு, எருமை செத்தா 37,500 ரூபாய். வண்டி இழுக்கிற குதிரை, காளைக்கு 32,000 ரூபாய். ஆட்டுக்கு 4,000 ரூபாய். கோழிக்கு 100 ரூபாய். ஆனா அது செத்தப்புறம் வர்ற பணம். சாகறதுக்கு முன்னாடி என்ன?

மண்ணு! சும்மா மண்ணு! பங்களாதேஷ்ல 1970 புயலுக்கு அப்புறம் கடலோரத்துல 'கில்லா'ன்னு மண் மேடு கட்டினாங்க. தண்ணி வந்தா ஜனங்களும் மாடுகளும் ஒண்ணா ஏறி நிக்கிற இடம். அஸ்ஸாம்ல காசிரங்கா காட்டுக்குள்ளே விலங்குகளுக்காகவே செயற்கை மேடு போட்டிருக்காங்க. ராக்கெட் சயின்ஸ் இல்லை, ஃபர்ஸ்ட் இயர் சர்வேயிங் தெரிஞ்சா போதும்.

நம்ம பக்கம் பாருங்க. ரோடு உசந்துக்கிட்டே போகுது. கம்பெனி கட்டறவங்க மண்ணைக் கொட்டி மேடாக்கித்தான் கட்டறாங்க. தண்ணி பாவம், எங்கே போகும்? பள்ளமா மிச்சம் இருக்கிறது எங்க தெருதான். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கடலைத் தேடி ஓடற மாவட்டம் இது. அந்தத் தண்ணியும் வெறும் மழைத் தண்ணியா இருக்கிறதில்லை. அதே 2023 டிசம்பர்ல மணலி பக்கத்துலேர்ந்து எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர் கழிமுகம் வரைக்கும் போய் மீனவர்களோட படகையும் வலையையும் கறுப்பாக்கினதை எல்லாரும் பார்த்தோம். தொழிற்பேட்டை பக்கத்து வெள்ளத்துல நின்ன விலங்கைக் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில குளிப்பாட்டணும்கிறது அதனாலதான். இல்லைன்னா அது தன்னையே நக்கிச் சுத்தம் பண்ணும்.

என் ஐடியா சிம்பிள். ஏரியில தூர் வார்ற மண்ணை வெச்சு ஊருக்கு ஒரு மேடு. சரிவா ஏற ஒரு பாதை, ஒரு தண்ணித் தொட்டி, நாலு கட்டுத்தறி. மத்த நாள்ல பசங்க கிரிக்கெட் ஆடட்டும். இதை எங்க என்.எஸ்.எஸ். ஸார்கிட்ட சொன்னேன். "மேடு நம்ம கையில இல்லைம்மா, கிராம சபையில கேளு. ஏழு நாள் கேம்ப்ல நம்மால என்ன முடியும், அதை எழுதிட்டு வா"ன்னார். எழுதிட்டுப் போனேன். ஒண்ணு, எந்த வீட்டுல என்ன பிராணி, எத்தனை, முதல்ல யாருக்கு உதவி தேவைன்னு ஒரு லிஸ்ட். ரெண்டு, மேடான இடமும் அங்கே போற வழியும் குறிச்ச ஒரு மேப். மூணு, கால்நடை ஆம்புலன்ஸ் 1962, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ரெண்டு நம்பரையும் ஒவ்வொரு கொட்டகை சுவத்துலயும் பெயின்ட்ல எழுதறது. நாலு, முடிச்சு.

ஆமாம், முடிச்சு. வீடு வீடாப் போய் ஒரே இழுப்புல அவிழற முடிச்சைச் சொல்லிக் கொடுக்கறது. அதுக்கு முதல் வீடு எங்க வீடு.

போன லீவுல ஊருக்குப் போனேன். ஆயா புதுசா ஒரு கன்னுக்குட்டி வாங்கியிருக்கு. அதுக்கு ஆயா பழைய ஸ்டைல்ல ரெண்டு மூணு சுத்து சுத்தி இறுக்கிட்டு இருந்துச்சு. நான் பக்கத்துல உக்கார்ந்து, "ஆயா... அன்னிக்கு நான் அவுக்கலை. முடியலை. அவுத்துட்டேன்னு பொய் சொன்னேன்"னு ஒரு வழியா சொல்லிட்டேன்.

ஆயா நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "தெரியும். முடிச்சுப் போட்டது நான்தானே"ன்னுச்சு. அப்புறம் கயித்தை என் கையில கொடுத்து, "அந்தக் குதிரைக்காரரு கத்துக் கொடுத்த முடிச்சைப் போடு பார்க்கலாம்"னுச்சு.

போட்டேன். ஆயா நுனியைப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்துச்சு. சர்ருனு அவிழ்ந்துச்சு. கன்னுக்குட்டி ஒரே ஓட்டம்! அதைப் பிடிக்க நானும் ஆயாவும் தெரு முழுக்க ஓடினதை அடுத்த வாரம் சொல்றேன்.

வரட்டா பாஸ்? மேகம் கறுக்குதான்னு பார்த்துக்கங்க. கறுத்தா முதல்ல கொட்டகைப் பக்கம் போங்க!